நின்றிருந்த பொருளில் வண்டி மோதினால்: காவிரிப் பாசனப் பகுதி ஓட்டுநர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரிப் பாசனப் பகுதியின் உட்சாலைகளில் பல, ஆற்றங்கரையிலோ வாய்க்கால் கரையிலோ போடப்பட்டவை. ஒரு பக்கம் குடமுருட்டியோ வெண்ணாறோ வெட்டாறோ ஓடும். மறுபக்கம் சாலையைவிட நாலைந்து அடி தாழ்ந்த வயல் கிடக்கும். ஒதுங்குவதற்கு மண் ஓரம்கூடச் சரியாக இல்லாத அந்தச் சாலையில் எதிரே ஒரு டவுன் பஸ் வந்துவிட்டால், ஓட்டுநர் ஒடிக்கிற திசையில் ஒரு மின்கம்பமோ, மதகின் கைப்பிடிச் சுவரோ, வெள்ளையடித்த புளியமரமோ நின்றுகொண்டிருக்கும். மோதிய பிறகு நம் பக்கத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, ஆள் சேர்வதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. மற்றொன்று, அங்கேயே பேசி ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்வது. முதலாவது குற்றம் என்பது பலருக்குத் தெரியும். இரண்டாவது, காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய பணத்தைக் கெடுத்துவிடக்கூடியது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. இந்த இரண்டையும் தவிர்த்து, முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது

இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் யார் மீது தவறு என்பதற்கு இரண்டு கதைகள் இருக்கும். கம்பத்துக்கும் மரத்துக்கும் சுவருக்கும் சொல்வதற்குக் கதை எதுவும் இல்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. அதனால், ஒழுங்காக ஓட்டியிருந்தால் வண்டி அங்கே போயிருக்காது என்ற ஊகத்திலிருந்தே நீதிமன்றம் தொடங்குகிறது. சாலையின் வலது ஓரத்துக்குப் போய் மரத்தில் மோதிய கார் பற்றிய புஷ்பாபாய் உதேஷி வழக்கில், 1977-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையையே பயன்படுத்தியது: நிகழ்வே கவனக்குறைவைக் காட்டும்போது, அது எப்படி நேர்ந்தது என்று விளக்க வேண்டிய கடமை வண்டித் தரப்பின் மீது வந்து விழுகிறது.

இதனால் மோதியவர் எப்போதும் முழுப் பொறுப்பாளி என்று ஆகிவிடாது. விளக்கம் இருந்து, அதற்குச் சான்றும் இருந்தால் பொறுப்பு குறையும், சில வேளை நீங்கவும் செய்யும். எதிரே வந்த வண்டி உங்கள் பக்கத்துக்கு ஏறி வந்தது, வரப்பிலிருந்து மாடு குறுக்கே பாய்ந்தது, விளக்கு எதுவும் இல்லாமல் நடுச் சாலையில் ஒரு டிரெய்லர் நின்றது என்பவை ஏற்கத்தக்க விளக்கங்கள். பிரேக் பிடிக்கவில்லை, டயர் வெடித்தது என்று சொல்வது மட்டும் போதாது. வண்டியை உரிய காலத்தில் பராமரித்தும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாத கோளாறு அது என்று காட்ட வேண்டும். தேய்ந்த டயரோடு ஓட்டியவருக்கு டயர் வெடித்தது தற்காப்பாகாது, அவருக்கு எதிரான சான்றாகவே அது முடியும். கண் அசந்துவிட்டேன் என்பதும் விளக்கம் ஆகாது.

இழப்பீட்டுப் பொறுப்பு ஓட்டியவரோடு நிற்பதில்லை. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் வேலையின்போது மோதினால் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும். அவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். குற்ற வழக்கு அப்படியல்ல, அது ஓட்டியவரைத்தான் சேரும்.

முதல் படி: உயிர், அதன்பின் கம்பி

வண்டியை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, யாருக்கேனும் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்டிருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துகளில் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள்.

மோதியது மின்கம்பம் என்றால் இந்த வரிசையில் ஒரு மாற்றம் தேவை. கம்பி அறுந்து வண்டியின் மீதோ அருகிலோ கிடந்தால், காருக்குள் இருப்பவர் இறங்கக் கூடாது. ஒரு கால் தரையிலும் ஒரு கை கதவிலும் இருக்கும் அந்த ஒரு கணம்தான் உயிரை எடுக்கும். உள்ளேயே இருந்துகொண்டு, யாரும் நெருங்க வேண்டாம் என்று கத்திச் சொல்லிவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை அழைத்து, மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று ஈபி ஆட்கள் உறுதி சொன்ன பிறகே இறங்க வேண்டும். வண்டியில் தீப்பற்றி இறங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் தேய்த்தபடியே விலகிப் போக வேண்டும். இருசக்கர வண்டியில் வந்தவர் விழுந்து கிடக்கும்போது உதவ ஓடுகிறவர்கள் கம்பத்தையோ, அதைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியையோ தொட்டுவிடக் கூடாது. நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயலில் கம்பி விழுந்திருந்தால், அந்த வயலில் எந்த மூலையிலும் யாரும் இறங்கக் கூடாது.

கூட்டம் கூடி அடிக்க வரும் நிலை இருந்தால் என்ன செய்வது? அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஓட்டுநர் முயல வேண்டும் என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போகலாம் என்பதை ஏற்கிறது. அப்போது நேராகக் காவல் நிலையத்துக்குப் போய், ஏன் விலகி வந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அதைத் தப்பி ஓடியதாகக் கொள்ள முடியாது. சாலையோரக் கோயில், தலைவர் சிலை, கட்சிக் கொடிக்கம்பம் ஆகியவற்றில் மோதிவிட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேச்சு வார்த்தைக்கு நிற்பதைவிடக் காவல் துறையை அழைப்பதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது படி: தகவல் கொடுத்தல்

மேற்சொன்ன 134-ஆவது பிரிவு ஆளுக்கு அடிபட்டால் மட்டும் பொருந்துவது என்று பலர் நினைக்கிறார்கள். பிறருடைய சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும் அது பொருந்தும். அந்த இடத்தில் காவலர் யாரும் இல்லையென்றால், கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பாலிசி எண், நாள், நேரம், இடம், ஓட்டியவர் பெயர், உரிம விவரம் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும். இவற்றைச் செய்யத் தவறினால் 187-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை செய்தால் ஓராண்டு, 10,000 ரூபாய். ராத்திரி யாரும் பார்க்கவில்லை என்று ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரை இடித்துவிட்டுப் போனவர், இடித்ததற்கு அல்ல, சொல்லாமல் போனதற்கே தண்டனை பெறலாம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். மனு எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மனுவில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். ‘என் கவனக்குறைவால்’, ‘முழுச் செலவையும் நானே ஏற்கிறேன்’ போன்ற சொற்களைப் பிறர் சொல்லச் சொன்னாலும் எழுத வேண்டாம்.

அடுத்து, பொருளின் உரிமையாளர். மின்கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் என்றால் அந்தப் பகுதி ஈபி பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளர். நெடுஞ்சாலைத் தடுப்பு, மைல்கல், சாலையோர மரம் என்றால் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் 36-ஆம் எண் நெடுஞ்சாலை போன்றவற்றில் 1033 என்ற எண்ணில் தகவல் சொல்லலாம். மற்றவை மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சிக்கோ உரியவை. நம் ஊர்களில் சட்ரஸ் என்று சொல்லப்படும் நீரொழுங்கியும் பெரிய மதகும் நீர்வளத் துறையின் சொத்து. தண்ணீர் ஓடும் மாதங்களில் ஷட்டர் ஏற்றி இறக்கும் அமைப்பில் அடிபட்டிருந்தால் கடைமடை வரை பாதிக்கும் என்பதால் அதை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ரயில்வே கேட் தனி வகை. மூடியிருக்கும் கேட்டை உடைத்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160-ஆவது பிரிவு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் தருகிறது. கேட்டில் மோதியவர் முதலில் செய்ய வேண்டியது கேட் கீப்பரிடம் சொல்லி ரயிலை நிறுத்த வழிசெய்வதுதான். வண்டியின் பம்பரைப் பற்றிய கவலை அதன்பிறகு.

மூன்றாவது படி: உங்கள் விளக்கத்துக்கான சான்று

விளக்கும் கடமை உங்கள் மீது இருக்கிறது என்று பார்த்தோம். அந்த விளக்கத்தின் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்தில்தான் கிடைக்கும். மறுநாள் காலையில் ஜே.சி.பி. வந்து எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிடும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன், நான்கு பக்கத்திலிருந்தும், சற்றுத் தொலைவிலிருந்து நீங்கள் வந்த திசையிலேயே நின்றும் படம் எடுங்கள். டயர் இழுத்த தடம், சாலையின் அகலம், தெருவிளக்கு எரிகிறதா, பொருளின் மீது ஒளிர் பட்டையோ வெள்ளைப் பூச்சோ உண்டா, வளைவுக்கு முன் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்பவை படத்தில் தெரிய வேண்டும். கம்பம் ஏற்கெனவே சாய்ந்திருந்தது, அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டிருந்தது என்றால் அதையும் எடுங்கள். பழைய சேதத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. சுவரில் இடிந்த பகுதியின் நீளத்தை ஒரு டேப் வைத்து அளந்து எழுதிவைப்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் எட்டடிச் சேதம் மதிப்பீட்டில் முப்பதடியாக வளராமல் காப்பது அதுதான். அருகில் டீக்கடையோ பெட்ரோல் பங்க்கோ இருந்தால் அவர்களுடைய கேமராப் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள். பார்த்தவர் இருவரின் பெயரும் எண்ணும் போதும்.

மது அருந்தவில்லை என்பதும் ஒரு சான்று. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி குற்றம். உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடும் கிடைக்காது. மூச்சுச் சோதனைக்குத் தயங்கக் கூடாது. சோதனை முடிவு சுத்தமாக இருப்பது, பின்னாளில் ‘தண்ணி போட்டுட்டு ஓட்டினான்’ என்ற ஊர்ப்பேச்சுக்கு எதிரான எழுத்துச் சான்றாக நிற்கும்.

நின்றிருந்த வண்டியும் சாலையில் கிடந்த நெல்லும்

நம் பகுதியில் இதுதான் அதிகம் பேச வேண்டிய வகை. குறுவை அறுவடைக் காலத்திலும் சம்பா அறுவடைக் காலத்திலும், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் டிராக்டர்களும் லாரிகளும் வரிசையாக நிற்கும். பின் விளக்கு இல்லாத டிரெய்லர், இருட்டில் சாலையின் நிறத்திலேயே தெரியும் வைக்கோல் ஏற்றிய வண்டி, தார்ப்பாய் போட்டு மூடிச் சுற்றிலும் கருங்கல் வைத்த நெற்குவியல் ஆகியவை எல்லாம் நின்றிருக்கும் பொருள்கள்தாம். ஆனால் மரத்தைப் போல அங்கே இருப்பதற்கு உரிமை பெற்றவை அல்ல.

மற்றவர்களுக்கு ஆபத்தாகும் நிலையில் வண்டியை விட்டுச் செல்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு தடுக்கிறது. பொது வழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்துவது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். 2018-ஆம் ஆண்டு, இரவில் விளக்கில்லாமல் நடுச் சாலையில் நின்ற எரிவாயு டேங்கரில் மோதிய காரைப் பற்றிய வழக்கில், காரை ஓட்டியவர் மீது பங்குப் பொறுப்பைச் சுமத்தியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024-இலும், எச்சரிக்கை அடையாளம் எதுவுமின்றி நெடுஞ்சாலையில் விடப்பட்ட டிரெய்லர் லாரியில் மோதிய வழக்கில், மோதிய காரின் ஓட்டுநர் மீது பாதிப் பொறுப்பைச் சுமத்தியதை அது தள்ளியது. ஓட்டுநருக்குத் தவறில் பங்கு இருந்தாலும், அதைக் காரணம் காட்டிப் பயணிகளின் இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

இந்தத் தீர்ப்புகளை வைத்துக்கொண்டு, நின்ற வண்டியில் மோதினால் நமக்குப் பொறுப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பகலில், நேர்ச் சாலையில், ஓரமாக நின்ற டிராக்டரில் மோதியவரின் நிலை மரத்தில் மோதியவரின் நிலையேதான். இரவிலும், தன் வண்டியின் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் வந்திருந்தால் ஒரு பங்கு அவர் தலையில் விழும். அந்தப் பங்கு எவ்வளவு என்பது, விளக்கு எரிந்ததா, முக்கோண ஒளிர்பலகை வைத்திருந்தார்களா, சாலையில் எவ்வளவு அகலத்தை அடைத்திருந்தார்கள் என்ற விவரங்களைப் பொறுத்தே முடிவாகும். ஆகவே நெற்குவியலில் மோதி விழுந்தவர் முதலில் படமெடுக்க வேண்டியது தன் பைக்கை அல்ல, குவியல் சாலையில் எதுவரை வந்திருந்தது என்பதை.

நெல்லைக் காயவைத்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. களம் போதாத ஊரில் அவர் வேறு எங்கே போவார் என்பது தெரியும். ஆனால் குவியலுக்கு இரு முனையிலும் ஒரு சிவப்பு ஒளிர் பட்டையாவது கட்டாதவர், பொறுப்பில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் படுக்கப் போகிறார்.

நான்காவது படி: காப்பீடு

பாலிசித் தாளை எடுத்து மூன்றாம் நபர் சொத்துச் சேதம் என்ற வரியைப் பாருங்கள். கார்களுக்கும் வணிக வண்டிகளுக்கும் வழக்கமாக 7,50,000 ரூபாய் வரையும், இருசக்கர வண்டிகளுக்கு 1,00,000 ரூபாய் வரையும் இது இருக்கும். பிரீமியத்தில் சிறு தொகையை மிச்சப்படுத்துவதற்காக 6,000 ரூபாயாகக் குறைத்து எடுத்தவர்களும் உண்டு. அவர்கள் ஒரு மின்கம்பத்தைச் சாய்த்தால் 6,000-க்கு மேற்பட்டது முழுவதும் கைக்காசுதான்.

கம்பத்துக்கும் சுவருக்கும் ஆகும் செலவு இந்த மூன்றாம் நபர் பகுதியில் வரும். உங்கள் வண்டியின் பழுது சொந்தச் சேதப் பகுதியில் வரும். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவருக்கு இரண்டாவது கிடையாது. சொந்தச் சேதத்துக்குக் கோரினால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் போய்விடும், மூன்றாம் நபர் கோரிக்கையால் அது போகாது. எனவே பம்பர் நசுங்கியதற்கு மட்டும் கோருவது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய சேதமென்றால் காப்பீட்டுச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள்.

விதிவிலக்குகளையும் அறிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டுச் சுவரை உங்கள் காரே இடித்தால் அது மூன்றாம் நபர் சொத்து ஆகாது. வணிக வண்டிப் பாலிசிகளில், வண்டியின் எடையாலோ அதிர்வாலோ பாலம், சாலை ஆகியவற்றுக்கு நேரும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். அளவுக்கு மேல் மணல் ஏற்றிய லாரியின் பாரத்தில் பழைய வாய்க்கால் பாலம் உட்கார்ந்துவிட்டால் அது இந்த விலக்கில் போய் விழும். ஓட்டி வந்த உரிமையாளரே இறந்துவிட்டால், தானே செய்த தவறுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர முடியாது; உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் குடும்பத்துக்குக் கைகொடுக்கும். அதைச் சேர்த்து எடுத்திருக்கிறீர்களா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது படி: பணம் பேசுதல்

பாலிசியின் நிபந்தனைகளில், நிறுவனத்தின் எழுத்துபூர்வமான இசைவு இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ, தொகை தருவதாக வாக்களிப்பதோ, பணம் கொடுப்பதோ கூடாது என்று ஒன்று இருக்கும். பஞ்சாயத்தில் உட்கார்ந்து ‘சரி, இருபதாயிரம் தந்துடுறேன் அண்ணே’ என்று சொன்ன நிமிடத்தில் அந்த நிபந்தனை மீறப்படுகிறது. சொந்தப் பணத்திலேயே முடிக்கத் தீர்மானித்திருந்தால் அது உங்கள் விருப்பம். காப்பீட்டில் கோரும் எண்ணம் இருந்தால் முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இசைவு கேளுங்கள்.

ஈபி போன்ற துறைகள் கம்பம், கம்பி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து மதிப்பீடு தயாரிக்கும். அதை எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்துக்கு அனுப்பி, பணத்தைத் துறையின் கணக்கில் மட்டும் கட்டி ரசீது பெறுங்கள். ரசீது இல்லாமல் எந்தக் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். தனியார் சுவர் என்றால் கொத்தனாரிடம் தனியாக ஒரு மதிப்பீடு வாங்குங்கள். சட்டப்படி நீங்கள் ஈடுசெய்ய வேண்டியது ஏற்பட்ட சேதத்தைத்தான். முப்பது வருட மண்சாந்துச் சுவருக்குப் பதிலாக கிரில் வைத்த புதுச் சுற்றுச்சுவர் கேட்டால் மறுக்கலாம்.

முடித்துக்கொள்ளும்போது, இந்தச் சேதத்துக்காக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நாள், தொகை, சேத விவரத்துடன் எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும்.

ஆறாவது படி: வழக்கு வந்தால்

அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். வண்டியில் வந்தவர் இறந்திருந்தால் 106-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு சேரும். அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. மின்கம்பி, கம்பம் போன்றவற்றைக் கவனக்குறைவால் சேதப்படுத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 139-ஆவது பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டப் பிரிவைச் சேர்த்திருந்தால் வழக்கறிஞரிடம் அதை உடனே காட்டுங்கள்: அந்தச் சட்டம் வேண்டுமென்றோ, சேதம் வரும் என்று தெரிந்தோ செய்யும் செயலுக்கு உரியது, தவறி மோதியதற்குப் பொருந்தாது என்று வாதிடலாம்.

வண்டியைக் காவல் நிலையத்தில் வைத்தால், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்த பின் திருப்பித் தரக் கேளுங்கள். உரிய நடைமுறைகள் முடிந்து 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆவது பிரிவு சொல்கிறது.

சொத்துச் சேதத்துக்கான இழப்பீட்டை மாவட்ட நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ இயங்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கோரலாம். சொத்துச் சேதம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் கோருபவர் விரும்பினால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். தீர்ப்பாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம். இது மோதியவருக்கும் பயன்படும்: விளக்கில்லாத டிரெய்லரில் மோதி உங்கள் கால் உடைந்திருந்தால், நீங்கள்தான் கோரிக்கைதாரர், டிரெய்லரின் உரிமையாளரும் அவருடைய காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்கள். சம்மன் உங்கள் பெயருக்கு வந்தாலோ, அதன் நகலை வந்த நாளிலேயே உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் தபால் ரசீதை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.